மண்ணீரல் எடுத்து இரண்டு வருடம் ஆகிவிட்டது, இனிமேல் தடுப்பூசி போடலாமா?

கேட்டவர் ஒரு அக்கா. அவருடைய தம்பிக்கு 29 வயது, லாரி ஓட்டுகிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் பைக் விபத்தில் இடது விலாவில் பலமான அடி. வயிற்றுக்குள் ரத்தக்கசிவு நிற்காததால் அவசரமாக ஆபரேஷன் செய்து மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். பத்து நாளில் வீடு திரும்பினார், நாலாம் மாதம் வண்டி எடுத்துவிட்டார். போன வாரம் பல்வலிக்குப் போன இடத்தில் பல் டாக்டர் பழைய ஆபரேஷன்களை விசாரித்துவிட்டு, “மண்ணீரல் எடுத்தவரா? தடுப்பூசியெல்லாம் போட்டாச்சா?” என்று கேட்டிருக்கிறார். அப்படி ஒன்று இருப்பதே இவர்களுக்குத் தெரியாது. இனிமேல் போட்டால் பலன் உண்டா, என்னென்ன ஊசி, வாழ்நாள் முழுக்க மாத்திரை வேண்டுமா, ஒடிசா வரைக்கும் லாரி ஓட்டிப் போகலாமா என்று கேட்டிருக்கிறார்.

போடலாம். இரண்டு வருடம் என்ன, இருபது வருடம் கழித்தும் போடலாம். கடுமையான தொற்று வரும் ஆபத்து ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் இரண்டு மூன்று வருடங்களில் அதிகம் என்பது உண்மை. அந்தக் காலத்தின் பெரும்பகுதியை உங்கள் தம்பி ஊசியே இல்லாமல் தாண்டிவிட்டார். ஆனால் அதற்கப்புறமும் ஆபத்து அடியோடு போய்விடுவதில்லை. மண்ணீரல் எடுத்துப் பல பத்தாண்டுகள் கழித்து இந்தத் தொற்றால் இறந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் இந்த வாரமே தொடங்குங்கள். அடுத்த வண்டி லோடு ஏறும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஏன் என்று புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கறிக்கடையில் சுவரொட்டி என்று கேட்டு வாங்குவோமே, அதுதான் ஆட்டின் மண்ணீரல். மனிதனுக்கும் அதே மாதிரி கருஞ்சிவப்பாக, பஞ்சு போல, ரத்தம் ஊறிய உறுப்பு. பெரியவர்களுக்கு ஏறத்தாழ 150 கிராம் இருக்கும், இடது விலாவெலும்புகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும். (தம்பி வீடு திரும்பிய நாட்களில் யாராவது சொந்தக்காரர்கள் “போன மண்ணீரலுக்குச் சுவரொட்டி சாப்பிடு” என்று வாங்கி வந்திருப்பார்கள். சாப்பிடலாம், இரும்புச்சத்து நிறைய உண்டு. போனது திரும்ப வராது.) இந்தப் பஞ்சுக்குள் ரத்தம் மெதுவாக, மிகக் குறுகலான இடுக்குகள் வழியாகக் கசிந்து போகிறது. கிழடான சிவப்பணுக்கள் அங்கே மாட்டிக்கொண்டு அழிகின்றன. ரத்தத்தில் சுற்றும் பாக்டீரியாக்களும் அங்கேதான் பிடிபடுகின்றன.

எல்லா பாக்டீரியாவுக்கும் மண்ணீரல் தேவை என்றில்லை. பெரும்பாலானவற்றைக் கல்லீரலும் வெள்ளையணுக்களும் பார்த்துக்கொள்ளும். சிக்கல், மேலே சர்க்கரைப் பொருளால் ஆன வழுவழுப்பான உறை போர்த்திக்கொண்டு வரும் சிலவற்றால்தான். எண்ணெய் தடவிக்கொண்டு வரும் திருடனைப் போல அவை யார் கையிலும் சிக்காது. அவற்றின் மேல் எதிர்ப்பொருள் (கிருமியை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி) ஒட்டினால்தான் பிடி கிடைக்கும். எதிர்ப்பொருள் நிறைய ஒட்டியிருந்தால் கல்லீரலே பிடித்துவிடும். கொஞ்சமாக ஒட்டியிருந்தாலோ ஒட்டவே இல்லையென்றாலோ, மெதுவாகக் கசிய விட்டுத் துழாவிப் பிடிக்கும் திறமை மண்ணீரலுக்கு மட்டும்தான் உண்டு. போதாததற்கு, அந்தச் சர்க்கரை உறையை முதன்முதலாகப் பார்த்த உடனே எதிர்ப்பொருள் செய்யத் தொடங்கும் ஒருவகை பி அணுக்களின் முக்கிய இருப்பிடமும் மண்ணீரல்தான். ஆக, அது போனால் பிடிக்கிற கையும் போகிறது, அடையாளம் சொல்கிற ஆளும் போகிறார்.

தடுப்பூசி மண்ணீரலைத் திருப்பித் தராது. முன்கூட்டியே எதிர்ப்பொருளைச் செய்துவைத்து, மண்ணீரல் பார்த்த வேலையைக் கல்லீரல் பார்க்கும்படி மாற்றிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

இது நமக்குத் தெரியவந்தது ரொம்ப தாமதமாக. மண்ணீரல் இல்லாமலும் வாழலாம் என்பதால் அது பெரிதாகத் தேவைப்படாத உறுப்பு என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1919-இல் மாரிஸ், புல்லக் என்ற இருவர் மண்ணீரல் எடுத்த எலிகளுக்குத் தொற்றைத் தாங்கும் சக்தி குறைகிறது என்று எழுதினார்கள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1952-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் ஹெரால்ட் கிங், ஹாரிஸ் ஷூமாக்கர் என்ற அறுவை மருத்துவர்கள், பிறவி ரத்தச்சிதைவு நோய்க்காக மண்ணீரல் எடுக்கப்பட்ட ஐந்து கைக்குழந்தைகளுக்கு அப்புறம் கடுமையான தொற்று வந்ததை வெளியிட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. விபத்தில் மண்ணீரல் கிழிந்தால் உடனே வெட்டி எடுக்காமல், ரத்த அழுத்தம் நிலையாக இருந்தால் ஐசியுவில் வைத்துக் காத்துப் பார்ப்பது இன்று வழக்கமானதற்கு அந்தத் திரும்பிப் பார்த்தல் ஒரு முக்கியக் காரணம். உங்கள் தம்பிக்குக் காத்திருக்க முடியாத அளவுக்கு ரத்தம் போயிருக்கும். எடுத்தது சரியான முடிவாகவே இருக்கும். எடுத்ததற்கு அப்புறம் சொல்லாமல் விட்டதுதான் பிழை.

அந்தப் பிழையை நானும் ஒருமுறை வேறு விதமாகச் செய்தேன். பயிற்சி மருத்துவராக இருந்த காலம், இரவு டியூட்டி. நாற்பது வயதுக்காரர் ஒருவர் மத்தியானத்திலிருந்து குளிர்ஜுரம் என்று வந்தார். தானே நடந்துதான் வந்தார். ஊரெல்லாம் டெங்கு சீசன். வைரல் ஜுரமாக இருக்கும் என்று ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, பாராசிட்டமால் கொடுத்துப் பெஞ்சில் உட்காரவைத்தேன். இரண்டு மணி நேரத்தில் ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. சட்டையைத் தூக்கிப் பார்த்த சீனியர்தான் வயிற்றின் தழும்பைக் கண்டு மனைவியிடம் கேட்டார். பிளேட்லெட் குறையும் நோய்க்காக 11 வருடத்துக்கு முன்னால் மண்ணீரல் எடுத்திருக்கிறார்கள். அதை எங்களிடம் சொல்லவேண்டும் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை, கேட்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. விடிவதற்குள் கால்விரல்கள் கறுத்துவிட்டன. காலையில் அவர் இல்லை. அன்றிலிருந்து ஜுரம் என்று வரும் யாரையும் வயிற்றைப் பார்க்காமல் நான் அனுப்புவதில்லை.

மண்ணீரல் இல்லாதவருக்கு வரும் இந்தத் தொற்று இப்படித்தான் இருக்கும். காலையில் சாதாரண ஜுரம், உடம்புவலி, ஒருமுறை வாந்தி. இரவுக்குள் உயிர் ஊசலாடும். வருவது அபூர்வம். வந்தால் இரண்டில் ஒருவர் இறக்கலாம் என்பது மருத்துவப் புத்தகங்கள் காலங்காலமாகச் சொல்லும் கணக்கு. விபத்தில் மண்ணீரல் போனவர்களுக்கு, தலசீமியா போன்ற ரத்த நோய்க்காக எடுத்தவர்களைவிட ஆபத்து குறைவு; அந்த அளவில் உங்கள் தம்பிக்கு அது நல்ல செய்தி.

சரி, ஊசிகளுக்கு வருவோம். குறிவைக்க வேண்டிய எதிரிகள் மூன்று: நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சா பி. மூன்றுமே உறை போர்த்தியவை.

இதில் நிமோனியாக் கிருமியான நிமோகாக்கஸ்தான் பெரிய வில்லன். இப்படி வரும் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே காரணம். அதற்கு இரண்டு ஜாதி ஊசி இருக்கிறது, இந்த இடத்தில்தான் மருந்துக்கடையிலும் சில கிளினிக்குகளிலும்கூடக் குழப்பம் நடக்கிறது. ஒன்று பழையது: 23 வகை நிமோகாக்கஸின் உறைச் சர்க்கரையை மட்டும் பிரித்தெடுத்துச் செய்தது, நியூமோவேக்ஸ் 23 என்று கிடைக்கும். 1983 முதல் புழக்கத்தில் இருப்பது. இன்னொன்று கான்ஜுகேட் ஊசி: அதே சர்க்கரையை ஒரு புரதத்தோடு கோத்துச் செய்தது. ப்ரெவனார் 13 அந்த ஜாதி. 13 வகைக்கு எதிரானது. 15, 20 வகைக்கான கான்ஜுகேட் ஊசிகளும் வந்துவிட்டன.

23 பெரிய எண்தானே, அதையே போட்டால் போதாதா என்று கேட்பார்கள். இங்கேதான் விஷயமே இருக்கிறது. வெறும் சர்க்கரையைப் பார்த்து எதிர்ப்பொருள் செய்யும் அந்த பி அணுக்கள் எங்கே இருந்தன என்று மேலே சொன்னேன். அதே மண்ணீரலில். அந்த உறுப்பு இல்லாதவருக்கு அந்த உறுப்பை நம்பி வேலை செய்யும் ஊசியை மட்டும் போட்டால் பலன் அரைகுறையாகத்தான் இருக்கும், நினைவும் நிற்காது, சில வருடத்தில் தேய்ந்துவிடும். புரதம் கோத்த ஊசி டி அணுக்கள் என்ற வேறு வகை வெள்ளையணுக்களைத் துணைக்குக் கூப்பிடுகிறது. அந்த வேலை உடம்பு முழுக்க இருக்கும் நிணநீர் முடிச்சுகளில் நடக்கும். மண்ணீரல் இல்லையென்றாலும் பரவாயில்லை, நினைவும் பதியும். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்குப் பழைய ஊசி பிடிக்காமல் போவதும் இந்தக் காரணத்தால்தான்.

ஆகவே முதலில் கான்ஜுகேட், அப்புறம் 23. நடுவில் குறைந்தது 8 வாரம். முதல் ஊசி அடித்தளம் போடும், இரண்டாவது அது தொடாத வகைகளையும் சேர்த்துக்கொள்ளும். ஐந்து வருடம் கழித்து 23 இன்னொரு முறை. 20 வகை கான்ஜுகேட் ஊசி கிடைத்தால் பெரியவர்களுக்கு அது ஒன்றே போதும், 23 தேவையில்லை. வரிசையை மாற்றி யாராவது ஏற்கெனவே 23 போட்டுவிட்டார்கள் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. பெரியவர்கள் ஒரு வருடம் விட்டு கான்ஜுகேட் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தத் தேதி தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது என்பதால்தான் சீட்டைப் பத்திரப்படுத்தச் சொல்கிறோம்.

அடுத்து மெனிங்கோகாக்கஸ். மூளைக்காய்ச்சல் கிருமி. ஏ, சி, டபிள்யூ, ஒய் என்ற நான்கு வகைக்கும் சேர்த்து ஒரே ஊசி இருக்கிறது. எங்கே கிடைக்கும் என்று தெரியாவிட்டால் ஹஜ் பயணம் போகிறவர்கள் எங்கே போட்டுக்கொள்கிறார்கள் என்று விசாரியுங்கள். அவர்களுக்குக் கட்டாயமான ஊசி இதுதான். அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளும் போட்டுக்கொள்வார்கள். அவர்களுக்கெல்லாம் ஒரு டோஸ் போதும். மண்ணீரல் இல்லாதவருக்குப் போதாது: 8 வார இடைவெளியில் இரண்டு டோஸ், பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பூஸ்டர். கிளினிக்கில் “இதுக்கு ஒண்ணு போதும்” என்று சொன்னால், எதற்காகப் போடுகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

ஒரு நுணுக்கம். மெனாக்ட்ரா என்ற பெயரில் வரும் மெனிங்கோகாக்கஸ் ஊசியை நிமோகாக்கஸ் கான்ஜுகேட்டோடு ஒரே நாளில் மண்ணீரல் இல்லாதவருக்குப் போடக்கூடாது. அது நிமோகாக்கஸ் ஊசியின் பலனைக் கொஞ்சம் அமுக்குகிறது. நிமோகாக்கஸ் முதலில், நான்கு வாரம் கழித்து மெனாக்ட்ரா. மென்வியோ என்ற இன்னொரு தயாரிப்புக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஒரே நாளில் கைக்கு ஒன்றாகப் போட்டுவிடலாம். பி வகை மெனிங்கோகாக்கஸுக்குத் தனி ஊசி உண்டு. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மண்ணீரல் இல்லாதவர்களுக்கு அதையும் போடுகிறார்கள். இங்கே அதைத் தேடி அலைய வேண்டாம், வெளிநாடு போய்த் தங்குவதானால் அங்கே போட்டுக்கொள்ளலாம்.

ஹிப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சின்ன வயதில் போடாதவருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு டோஸ். இந்தியாவில் அரசுத் திட்டத்தில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியில் இது சேர்ந்தது 2011 டிசம்பரில். முதலில் தொடங்கிய இரண்டு மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளாவும். உங்கள் தம்பி அதற்கு முன்னால் பிறந்தவர், போட்டிருக்க வாய்ப்புக் குறைவு. பெரியவர்களுக்குப் பென்டாவேலன்ட் போடக்கூடாது, தனி ஹிப் ஊசி வேண்டும். எல்லா மருந்துக்கடையிலும் இருக்காது, சொல்லிவைத்து வரவழைக்க வேண்டும். கிடைக்கவில்லை என்பதற்காக மற்ற இரண்டையும் தள்ளிப்போட்டுவிடாதீர்கள். முக்கியத்துவத்தில் இது மூன்றாவது.

வருடம் ஒருமுறை ஃப்ளூ ஊசி. ஃப்ளூ வைரஸுக்கும் மண்ணீரலுக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. ஆனால் ஃப்ளூ வந்து நுரையீரல் புண்ணாகிக் கிடக்கும்போது நிமோகாக்கஸ் உள்ளே நுழைவது சுலபம். மூக்கில் தெளிக்கும் உயிருள்ள வகையை விட்டுவிட்டு ஊசியாகவே போட்டுக்கொள்ளட்டும். அம்மை ஊசி, மஞ்சள் காய்ச்சல் ஊசி போன்ற மற்ற உயிருள்ள தடுப்பூசிகளுக்கு, மண்ணீரல் இல்லை என்ற ஒரே காரணத்தால் தடை கிடையாது.

உங்கள் தம்பிக்கு ஒரு கால அட்டவணை சொல்லச் சொன்னால் இப்படிச் சொல்வேன். இந்த வாரம் நிமோகாக்கஸ் கான்ஜுகேட்டும் ஃப்ளூ ஊசியும், மென்வியோ கிடைத்தால் அதையும் அன்றே. எட்டு வாரம் கழித்து அவர் ஊரில் இருக்கும் ஒரு நாளில் நியூமோவேக்ஸ் 23, மெனிங்கோகாக்கஸ் இரண்டாவது டோஸ். ஹிப் கிடைக்கிற நாளில். செலவு குறைவில்லை, ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் வரும். ஒரே மாதத்தில் எல்லாம் முடியாது என்றால் நிமோகாக்கஸுக்கு முதலில் செலவழியுங்கள். மருந்துக்கடையில் வாங்கி நீங்களே கொண்டுபோய்ப் போடுவதானால் ஐஸ் பேக்கோடு டப்பாவில் வைத்துத் தரச் சொல்லுங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்தும் போகக்கூடாது. போட்ட பிறகு ஒருநாள் கை வலிக்கும், லேசாக உடம்பு காயும். ஆனால் “ஊசி போட்ட ஜுரம்தான்” என்று நினைத்து, நடுக்கத்தோடு ஏறும் ஜுரத்தை வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

இதைப் படிக்கும் வேறு சிலருக்கு ஆபரேஷன் இனிமேல்தான் நடக்கப்போகிறது என்றால், உங்களுக்கு அதிர்ஷ்டம். மண்ணீரல் உள்ளே இருக்கும்போதே போட்டுக்கொள்வதைப் போலச் சிறந்தது கிடையாது. ஆபரேஷனுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னால் ஊசி முடிந்திருக்க வேண்டும், நாலு வாரம் கிடைத்தால் இன்னும் நல்லது. விபத்தில் திடீரென்று எடுத்தால் 14 நாள் கழித்துப் போடுவது நல்லது. ஆபரேஷன் ஆன மறுநாள், 7-ஆம் நாள், 14-ஆம் நாள் என்று பிரித்துப் போட்டுப் பார்த்த ஒரு அமெரிக்க ஆய்வில் 14-ஆம் நாள்காரர்களின் எதிர்ப்பொருள்தான் நன்றாக வேலை செய்தது. ஆனால் அது புத்தகக் கணக்கு. நம் ஊரில் பத்தாம் நாள் தையல் பிரித்து அனுப்பப்பட்டவர் பதினாலாம் நாள் ஊசிக்காகத் திரும்பி வருவாரா? உங்கள் தம்பியே சாட்சி. வரமாட்டார் என்று தோன்றினால் வீட்டுக்கு அனுப்பும் அன்றே போட்டு அனுப்ப வேண்டும் என்பது என் கட்சி, வழிகாட்டுதல்களும் அதைத்தான் சொல்கின்றன.

பிளேட்லெட் குறையும் ஐடிபி நோய்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மண்ணீரலை எடுப்பதற்கு முன்னால் ரிட்டுக்சிமாப் மருந்தை முயன்று பார்ப்பது இப்போது வழக்கம். அந்த மருந்து எதிர்ப்பொருள் செய்யும் பி அணுக்களையே துடைத்துவிடும். அதற்கப்புறம் ஆறு மாதத்துக்கு எந்த ஊசி போட்டாலும் தண்ணீரைக் குத்தின மாதிரிதான். ரிட்டுக்சிமாப் என்ற பேச்சு எழும் அன்றே தடுப்பூசிப் பேச்சையும் நீங்கள் எடுத்துவிடுங்கள்.

மண்ணீரல் இருந்தும் வேலை செய்யாதவர்கள் ஒரு தனிக் கூட்டம். சிக்கிள் செல் நோய் அதில் முதன்மை. அரிவாள் வடிவச் சிவப்பணுக்கள் மண்ணீரலின் இடுக்குகளில் அடைத்து அடைத்து, உறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துவிடுகிறது. சில குழந்தைகளுக்கு முதல் வயதுக்குள்ளேயே அது வேலையை நிறுத்தத் தொடங்கும். இது ஏதோ ஆப்பிரிக்க நோய் என்று நினைக்கிறவர்களுக்கு: இந்தியாவில் இந்த மரபணு இருப்பது முதலில் தெரியவந்ததே நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் செய்த ரத்தப் பரிசோதனையில். 2023 ஜூலையில் ஒன்றிய அரசு இதை ஒழிக்கத் தேசிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. இந்திய நோயாளிகள் பலருக்கு ஆப்பிரிக்க நோயாளிகளைப் போல மண்ணீரல் சீக்கிரம் சுருங்காது, வீங்கியே இருக்கும். தொட்டுப் பார்த்து “பெரிசாத்தானே இருக்கு” என்று திருப்தி அடையக்கூடாது. வீங்கிய மண்ணீரலும் வேலை செய்யாத மண்ணீரலாக இருக்கலாம்.

இந்தக் குழந்தைகளுக்குப் பென்சிலின் என்ன செய்தது என்பதற்கு 1986-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றை மருத்துவக் கல்லூரியில் மறக்காமல் சொல்லித்தருவார்கள். மூன்று வயதுக்குட்பட்ட சிக்கிள் செல் குழந்தைகளில் ஒரு பாதிக்குத் தினம் இருவேளை பென்சிலின், மறு பாதிக்கு மருந்தில்லா மாத்திரை. மருந்தில்லாத 110 பேரில் 13 பேருக்கு நிமோகாக்கஸ் தொற்று, மூன்று சாவு. பென்சிலின் சாப்பிட்ட 105 பேரில் 2 பேருக்குத் தொற்று, சாவு இல்லை. இதற்குமேல் மருந்தில்லாமல் வைத்திருப்பது நியாயமில்லை என்று எட்டு மாதம் முன்னதாகவே ஆய்வை நிறுத்திவிட்டார்கள். கான்ஜுகேட் ஊசி வருவதற்கு முந்தைய காலம் அது. இன்று நம் அரசுத் திட்டத்திலேயே குழந்தைகளுக்கு 6-ஆம் வாரம், 14-ஆம் வாரம், 9-ஆம் மாதம் நிமோகாக்கஸ் கான்ஜுகேட் இலவசம். 2021-இல் நாடு முழுவதற்கும் வந்துவிட்டது. சிக்கிள் செல் குழந்தைக்கு இதோடு பென்சிலினும், இரண்டு வயதுக்கு மேல் 23 வகை ஊசியும் சேர வேண்டும். அரசு அட்டையில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது என்பதால் முடிந்துவிட்டதாக நினைக்கக்கூடாது.

தலசீமியாக்காரர்கள், சீலியாக் (கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத குடல் நோய்) முற்றியவர்கள், எலும்பு மஜ்ஜை மாற்றியவர்கள், பிறவியிலேயே மண்ணீரல் இல்லாமல் இதயக் கோளாறோடு பிறந்த குழந்தைகள், ரத்தக்குழாயை அடைத்து மண்ணீரலைச் சுருக்கியவர்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய இதே கதைதான். சந்தேகம் இருந்தால் ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பணுவுக்குள் ஹவல்-ஜாலி என்ற கரும்புள்ளிகள் தெரிந்தால் சுத்தம் செய்கிற ஆள் வேலைக்கு வரவில்லை என்று பொருள். தெரியாவிட்டால் எல்லாம் சரி என்று பொருள் இல்லை. விபத்தில் சிதறிய மண்ணீரல் துணுக்குகள் சிலருக்கு வயிற்றுக்குள்ளேயே ஒட்டி வளரும், அதனால் புள்ளிகள் மறைந்துவிடும். ஆனால் அந்தத் துணுக்குகளை நம்பி ஊசியை விடக்கூடாது.

மாத்திரை விஷயம். சின்னக் குழந்தைகளுக்கும், ஏற்கெனவே ஒருமுறை நிமோகாக்கஸ் தொற்றில் பிழைத்தவர்களுக்கும், ரத்தப் புற்றுநோய்க்காரர்களுக்கும் தினசரிப் பென்சிலின் நீண்ட காலம் வேண்டியிருக்கும். விபத்தில் மண்ணீரலை இழந்த, மற்றபடி ஆரோக்கியமான பெரியவருக்கு முதல் ஒன்றிரண்டு வருடத்துக்குச் சிபாரிசு செய்வோம். உங்கள் தம்பி அதைத் தாண்டிவிட்டார், இனி தினசரி மாத்திரை அநேகமாகத் தேவைப்படாது. முடிவை அவரைப் பார்க்கும் டாக்டர் எடுக்கட்டும். அவருக்குத் தேவை கையிருப்பு மாத்திரை. அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் ஒரு கோர்ஸ் (பென்சிலின் அலர்ஜி என்றால் டாக்டர் வேறு எழுதித் தருவார்) எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

இதை எப்படிப் பயன்படுத்துவது என்பதை அவரிடம் இரண்டு முறை சொல்லுங்கள். நடுக்கத்தோடு ஜுரம் வந்தாலோ தெர்மாமீட்டரில் 101-ஐத் தாண்டினாலோ முதல் டோஸை அங்கேயே போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். மாத்திரை போட்டாச்சு, காலையில் பார்ப்போம் என்று படுக்கக்கூடாது. அந்த மாத்திரை வழியில் ஆகும் நேரத்துக்கு மட்டும். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்ததும் சொல்லவேண்டிய முதல் வாக்கியம் “எனக்கு மண்ணீரல் இல்லை”. ஜுரம் எத்தனை நாளாக என்பதெல்லாம் அப்புறம். டெங்குவா மலேரியாவா என்று ரிப்போர்ட் வரட்டும், ஆனால் ரத்தம் எடுத்த கையோடு செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஆன்டிபயாட்டிக் ஊசி ஏறிவிட வேண்டும். எல்லா ஊசியும் போட்டவருக்கும் இதே விதிதான். நிமோகாக்கஸில் மட்டும் 100-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன, ஊசி தொடுவது இருபத்துச் சொச்சத்தைத்தான்.

நாய்க்கடி பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் நாய் கடித்தால் எல்லோருக்கும் ரேபிஸ் ஊசி ஞாபகம் வரும், வரவும் வேண்டும். மண்ணீரல் இல்லாதவருக்கு அது மட்டும் போதாது. நாய் எச்சிலில் வாழும் கேப்னோசைட்டோஃபேகா என்ற பாக்டீரியா மற்றவர்களை அநேகமாக ஒன்றும் செய்யாது, இவர்களை ஓரிரு நாளில் சாய்த்துவிடும். வீட்டுநாய் செல்லமாகக் கடித்த கீறலுக்கும் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு, ரேபிஸ் ஊசியோடு ஆன்டிபயாட்டிக்கும் கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியாக லாரி. தாராளமாக ஓட்டலாம். ஆனால் ஒடிசாவின் காட்டு மாவட்டங்களில் மலேரியா இருக்கிறது. மலேரியாக் கிருமி புகுந்த சிவப்பணுக்களைச் சலித்தெடுப்பதும் மண்ணீரலின் வேலைதான் என்பதால் இவருக்கு அது கடுமையாக வரலாம். அந்தப் பக்கம் அடிக்கடி போவதானால் தடுப்பு மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள், கேபினில் கொசுவலை கட்டிக்கொள்ளட்டும். ஊசி போட்ட தேதிகளையும் “மண்ணீரல் இல்லை” என்ற வரியையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி லைசென்ஸோடு வைக்கச் சொல்லுங்கள். போன் லாக் திரையிலும் போடலாம். கிளீனருக்கும் சொல்லிவைக்கட்டும், ஜுரத்தில் பேச முடியாமல் போனால் பேசப்போவது அவர்தான். அப்புறம் அந்தக் கையிருப்பு மாத்திரையை டேஷ்போர்டில் போட்டு வைக்க வேண்டாம். வெயிலில் அது கெட்டுவிடும். துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு, காலாவதி தேதி வந்ததும் மாற்றச் சொல்லுங்கள்.